அடுப்படியில் ஓர் உளவாளி

எங்கள் குடும்பத்தில் நடந்த முதல் உளவு வேலை ஒரு சினிமா பார்ப்பதற்காக நடந்தது.

1990களின் தொடக்கம். வில்பட்டியில் பூண்டு பிடுங்கி முடித்து, தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த நாட்கள். வீடு முழுக்கப் பூண்டு வாடையும் புகையும். கொடைக்கானலில் ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ ஓடுகிறது என்று பக்கத்து வீட்டு மதினி வந்து சொன்னாள். தெலுங்கில் ‘கர்த்தவ்யம்’ என்று 1990-ல் வந்த விஜயசாந்தி படத்தின் தமிழ் வடிவம் அது. எங்கள் ஊர் ஆண்கள் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொம்பளைகள் தனியாகக் கொடைக்கானலுக்குப் போய் சினிமா பார்க்கும் வழக்கம் அப்போது எங்கள் தெருவில் கிடையாது.

திட்டம் போட்டது அம்மா. அத்தைக்குக் கண்ணில் நீர் வடிகிறது, டாக்டரிடம் காட்டப் போகிறோம். துணைக்கு மதினி. பிள்ளையை யாரிடமும் விட முடியாது, அதனால் நானும். கிளம்புவதற்கு முந்தின இரவு அம்மா என்னை உட்கார வைத்துப் பாடம் கேட்டாள்.

“எங்க போனீகன்னு கேட்டா?”

“அத்தைக்குக் கண்ணு காட்ட.”

“டாக்டரு என்ன சொன்னாரு?”

“சொட்டு மருந்து குடுத்தாரு.”

“எத்தன வேளைக்கு?”

நான் விழித்தேன். “காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். மறுநாள் தியேட்டருக்குப் போகுமுன் மருந்துக் கடையில் நிஜமாகவே ஒரு கண் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டாள். பொய்க்குச் சாட்சியாக ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

இடைவேளையில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் டீக்கடைப் பக்கம் நின்றிருந்தார். மூன்று பேரும் சேலைத் தலைப்பை ஒரே நேரத்தில் இழுத்து முகத்தை மறைத்தார்கள். அந்த இரண்டு நிமிடம் என் நெஞ்சு அடித்துக்கொண்டது போல அன்று திரையில் எந்தச் சண்டைக்கும் அடித்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் விஷயம் அப்பாவின் காதுக்குப் போயிற்று. அம்மாவின் கன்னத்தில் விழுந்த அறையின் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பூண்டு விற்ற காசில் படம் பார்த்தாள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பூண்டை விதைத்ததும், களை எடுத்ததும், பிடுங்கியதும், கட்டியதும் அவள்தான். சொட்டு மருந்துப் புட்டி மூடி திறக்காமல் மாடக்குழியில் பல வருடம் இருந்தது.

இப்போது நான் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித் தருகிறேன். பெண்ணிய வகுப்பில் சினிமாவைப் பற்றிப் பேசும்போது மாணவிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஸ்பை படம் எல்லாம் ஆம்பளைங்க படம் இல்லையா மேம்? உங்களுக்கு அதுல என்ன இருக்கு?” இந்தக் கட்டுரை அதற்கான பதில். ஓர் உளவுப் படத்தில் நம்மைப் பதற வைப்பது எது, எந்தப் படத்தைக் காசு கொடுத்துப் பார்க்கலாம் என்று நான் எப்படி முடிவு செய்கிறேன் என்பதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பதற்றத்தைப் பற்றி. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஒரு நீண்ட நேர்காணலில் இதை எளிமையாக விளக்கினார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாது, அது திடீரென்று வெடிக்கிறது என்றால் நமக்குக் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்குத் தெரியும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையடிப்பவர்களுக்குத் தெரியாது என்றால் அந்தச் சாதாரணப் பேச்சின் ஒவ்வொரு வார்த்தையும் நம்மை வதைக்கும். ‘எழுந்து போங்களேன்’ என்று மனசுக்குள் கத்துவோம். அவருடைய ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தில் துப்பாக்கிச் சண்டை என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. உளவு பார்ப்பதற்காக எதிரி ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்கிற பெண்ணாக இங்கிரிட் பெர்க்மன் வருகிறார். கணவனின் சாவிக்கொத்திலிருந்து மது வைத்திருக்கும் நிலவறையின் சாவியைக் கழற்றி உள்ளங்கையில் மறைத்து வைத்திருப்பார். மாடியில் விருந்து நடக்கும். விருந்தில் ஷாம்பெய்ன் தீரத் தீர, அடுத்த புட்டி எடுக்க யாராவது நிலவறைக்கு வருவார்கள். புட்டிகள் குறைவதுதான் கடிகாரம். பிறகு அவளைக் கொல்ல அவர்கள் தேர்ந்தெடுப்பதும் காப்பிக் கோப்பையைத்தான்.

சாவிக்கொத்து, விருந்து, தீர்ந்துபோகும் சாமான், காப்பி. இவை எல்லாம் ஒரு மனைவியின் அன்றாடப் பொருள்கள். ஒரு பெண் உளவாளி நடமாடும் களம் பெரும்பாலும் ஒரு வீடு. வீட்டில் சத்தமில்லாமல் நடப்பது, அஞ்சறைப் பெட்டியில் காசு பதுக்குவது, முகத்தைப் பார்த்தே இன்று வீட்டுக்குள் என்ன மழை, என்ன இடி என்று கணிப்பது, கேட்டதைக் கேட்காதது போல் இருப்பது எல்லாம் பெண்கள் சிறு வயதிலிருந்தே பழகுகிறவை. அதனால்தான் உளவுக் கதையின் பதற்றம் நமக்கு அந்நியமாக இல்லை. கண்டுபிடிக்கப்பட்டால் என்ன ஆகும் என்ற பயத்தோடு ஒரு நாளைக் கடத்துவது என்றால் என்ன என்று என் அம்மாவுக்குத் தெரியும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அர்த்தசாஸ்திரம் உளவாளிகளை வகைப்படுத்தும்போது, பிழைப்புத் தேடும் ஏழை விதவையைத் துறவி வேடத்தில் உயர் அதிகாரிகளின் வீடுகளுக்குள் அனுப்பச் சொல்கிறது. சமையல்காரர், குளிப்பாட்டுகிறவர், ஆடல் பாடல் தெரிந்த பெண்கள் என்று அரண்மனைக்குள் யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்களையே அது உளவுக்குத் தேர்ந்தெடுக்கிறது. திருக்குறளில் ஒற்றாடல் என்று தனி அதிகாரமே இருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லாத தோற்றம் வேண்டும், எதிரியின் கண்ணுக்கு அஞ்சாதிருக்க வேண்டும், எந்த நிலையிலும் வாய் திறக்கக் கூடாது என்று வள்ளுவர் ஒற்றனுக்கு இலக்கணம் சொல்கிறார். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள்தான் என்னை அதிகம் உறுத்துவது. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் நீயே ரகசியத்தை வெளியிட்டவன் ஆவாய் என்பது அதன் பொருள். வேலை செய், பெயர் வாங்காதே. வீட்டு வேலைக்கும் காலகாலமாக இதுதானே சட்டம்?

சினிமாவுக்கு வருவோம். இந்தியத் திரையில் சாகசம் செய்த ஆரம்பகால நாயகர்களில் பெண்களும் இருந்தார்கள் என்று சொன்னால் மாணவிகள் நம்புவதில்லை. 1935-ல் வாடியா மூவிடோன் ‘ஹண்டர்வாலி’யை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மேரி எவான்ஸ் என்ற பெயரோடு பிறந்த நாடியா, முகமூடி அணிந்து கையில் சாட்டையோடு அநியாயத்தைத் தட்டிக்கேட்கும் இளவரசியாக வந்தார். நாடெங்கும் கூட்டம் அலைமோதியது. இரண்டே வருடத்தில், 1937-ல், தமிழில் ‘மின்னல் கொடி’ வந்தது. கே. அமர்நாத் இயக்கிய அந்தப் படத்தில் கே.டி. ருக்மணி சண்டையிடும் நாயகியாக நடித்தார். பகலில் ஒருத்தி, இரவில் வேறொருத்தி என்ற இரட்டை வாழ்க்கைதான் இந்த வகைக் கதைகளின் உயிர். உளவுப் படத்தின் உயிரும் அதுதான்.

பிறகு என்ன ஆயிற்று? 1962-ல் ஜேம்ஸ் பாண்ட் வந்தான். அவனுடைய வெற்றி தமிழிலும் எதிரொலித்தது. 1966-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ வந்தது. ஜெய்சங்கரைத் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். 1968-ல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நடித்த ‘ரகசிய போலீஸ் 115’ வந்தது. நாட்டின் வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’ உருவானதும் அதே 1968-ல்தான். இந்தப் படங்களில் நாயகன் மாறுவேடம் போடுவான், மலைப்பாதையில் காரில் துரத்துவான், வில்லனின் நிலவறையில் விளக்குகள் எரிந்து அணைவதைப் பார்ப்பான். அந்த நிலவறையில் ஒரு பெண் ஆடுவாள். அவள் நல்லவளா கெட்டவளா என்பது கடைசி வரை தெரியாது. தெரியவரும்போது பெரும்பாலும் நாயகனுக்கு வரும் குண்டு அவள் மேல் பாயும்.

இந்தப் பெண்ணின் உருவம் வெளியிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1917-ல் பிரான்சில் சுட்டுக் கொல்லப்பட்ட நடனக்காரி மாதா ஹரியின் நிழல் அது. ஆண் உளவாளிக்கு மூளை, பெண் உளவாளிக்கு உடல் என்ற கணக்கை அந்த ஒரு மரணத்திலிருந்து உலக சினிமா எழுதிக்கொண்டது. நம் ஊரில் அந்தக் கணக்கைத் தலையில் சுமந்தவர் சகுந்தலா. 1970-ல் வந்த ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தில் ஜெய்சங்கரோடு கதாநாயகியாக நடித்தார். படத்தில் சி.ஐ.டி. என்பது சங்கருக்கு இருந்த பட்டம். அது ஒட்டிக்கொண்டது சகுந்தலாவின் பெயரில். 2024-ல் இறக்கும் வரை அவர் ‘சி.ஐ.டி. சகுந்தலா’தான். ஆனால் அந்தப் பட்டத்துக்குரிய வேலையைத் திரையில் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. கவர்ச்சி நடனமும் வில்லி வேடமுமே அவருக்கு அதிகம் கிடைத்தன.

பட்டம் இருக்கிறது, அதிகாரம் இல்லை. விஜயசாந்தி வந்தபோது பெண்கள் ஏன் அப்படிக் கூட்டமாகப் போனார்கள் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. அவர் நாயகனின் தோளுக்குப் பின்னால் நிற்கவில்லை. ‘கர்த்தவ்யம்’ அவருக்குத் தேசிய விருதும் வாங்கித் தந்தது. படம் முடிந்து வெளியே வந்தபோது அத்தை எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த, யாரிடமும் சத்தமாகப் பேசாத அத்தை அவள்.

அந்த சந்தோஷத்தை நான் இப்போது குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் வரலாறு படித்த பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்றையும் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாங்கள் சீருடையைப் பார்த்துக் கைதட்டிய அதே காலத்தில், 1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தன மரச் சோதனை என்று சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2011-ல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். உளவுப் படமும் போலீஸ் படமும் அரசின் கையில் இருக்கும் துப்பாக்கியை நம்பச் சொல்கிற படங்கள். அந்தத் துப்பாக்கி யாரைப் பார்த்துத் திரும்பும் என்பதை மறந்துவிட்டு நாம் பார்க்க முடியாது. எதிரி என்று படம் யாரைக் காட்டுகிறது, எந்த மதத்தை, எந்த மொழியை, எந்தச் சாதியை என்று கேட்பதும் இதில் சேர்த்திதான்.

அடுத்து, மனைவிகள். 1986-ல் ‘விக்ரம்’ வந்தது. சுஜாதா எழுத்து, ராஜசேகர் இயக்கம், ஏவுகணை, கணினி என்று தமிழுக்கு அது புதுசு. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே உளவாளியின் மனைவியாக வரும் அம்பிகா கொல்லப்படுகிறார். அவளுடைய சாவுதான் நாயகனின் கோபத்துக்கு எரிபொருள். 36 வருடம் கழித்து 2022-ல் லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ வந்தது. அதில் ஃபகத் ஃபாசில் நடித்த அமரின் மனைவி காயத்ரிக்குக் கணவன் உண்மையில் என்ன வேலை செய்கிறான் என்பதே தெரியாது. அந்தத் தெரியாத வேலைக்காக அவளும் கொல்லப்படுகிறாள். தொழில்நுட்பம் எவ்வளவோ மாறியிருக்கிறது. நாயகனைப் புறப்பட வைக்க ஒரு பெண் சாக வேண்டும் என்கிற இயந்திரத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. இதை நான் சோம்பேறித்தனம் என்று சொல்வேன். ஒருத்தி சாகிறாள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, அவள் யார் என்று சொல்லாத படத்தில் பதற்றம் இருக்காது. நமக்குத் தெரியாதவளுக்காக நம் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்?

இடையில் 2013-ல் வந்த ‘விஸ்வரூபம்’ இந்த விஷயத்தில் கொஞ்சம் விலகி நடந்தது. உளவாளி கமல்தான். ஆனால் கதையில் முதலில் உளவு பார்க்கத் தொடங்குவது மனைவி. நிருபமாவாக வரும் பூஜா குமார், கதக் சொல்லிக் கொடுக்கும் தன் கணவனைப் பின்தொடர ஒரு துப்பறிவாளரை அமர்த்துகிறாள். அவள் இழுத்த அந்த ஒரு நூலில்தான் மொத்த ரகசியமும் பிரிகிறது. உச்சக்கட்டத்தில், செல்பேசிச் சமிக்ஞையால் வெடிக்கக்கூடிய குண்டை என்ன செய்வது என்று எல்லாரும் திகைத்து நிற்கும்போது, வழி கண்டுபிடிப்பதும் அவள்தான். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பை எடுத்துக் குண்டின் மேல் கவிழ்க்கிறாள். உலோகக் கூண்டுக்குள் மின்காந்த அலை நுழையாது என்பது ஃபாரடே சொன்ன விதி. பள்ளிக்கூட இயற்பியல். அறிவியல் படித்த ஒரு பெண்ணின் தலையும், அடுப்படியில் என்ன பொருள் எதற்கு உதவும் என்ற பழக்கமும் சேர்ந்து வேலை செய்யும் காட்சி அது. அந்தப் படத்தின் அரசியலோடு எனக்குச் சண்டை உண்டு. அந்த அடுப்போடு எனக்குச் சண்டை இல்லை.

இனி, உண்மையான பெண்கள். சரஸ்வதி ராஜாமணி 1927-ல் ரங்கூனில் பிறந்தவர். பதின்ம வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் உளவுப் பிரிவில் சேர்ந்ததாகவும், ஆண்பிள்ளை வேடம் போட்டுக்கொண்டு பிரிட்டிஷ் முகாம்களிலும் அதிகாரிகளின் வீடுகளிலும் எடுபிடி வேலை செய்ததாகவும் அவர் தன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கூட இருந்த தோழி பிடிபட்டபோது, ஆட்டக்காரி வேடத்தில் உள்ளே போய்க் காவலர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து அவளை மீட்டதும், தப்பி ஓடுகையில் காலில் குண்டு பாய்ந்ததும் அவர் சொன்ன கதைதான். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதற்கு மேல் எழுதிவிட முடியாது. அதே ராணுவத்தில் கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படைப்பிரிவு இருந்தது. மலேயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் பலர் அதில் துப்பாக்கி ஏந்தினார்கள். ராஜாமணி முதுமையில் சென்னையில் எளிமையாக வாழ்ந்தார். தையல் கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளை வாங்கி வந்து ஆதரவற்ற குழந்தைகளுக்கு உடை தைத்துக் கொடுத்தார். 2018 ஜனவரியில் இறந்தார். வள்ளுவர் சொன்னபடியே, பிறர் அறியச் சிறப்பு எதுவும் பெரிதாக நடக்கவில்லை.

நூர் இனாயத் கானின் கதை இன்னும் கடினமானது. சூஃபி இசைக் கலைஞரின் மகள், குழந்தைகளுக்கு ஜாதகக் கதைகளை எழுதியவர். 1943 ஜூனில் பிரிட்டன் அவரை ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பிரான்சுக்குள் வானொலித் தொடர்பாளராக அனுப்பியது. செய்தி அனுப்பும் கருவியை அதிக நேரம் இயக்கினால் அலைவரிசையை மோப்பம் பிடிக்கும் ஜெர்மன் வண்டிகள் வந்துவிடும். கருவியைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறினார். கூட்டாளிகள் பிடிபட்ட பிறகும் திரும்பி வர மறுத்துப் பாரிசிலேயே இருந்தார். அக்டோபரில் பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்கவ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். தப்பிக்க முயன்றதற்காக மாதக்கணக்கில் சங்கிலியில் கிடந்தவர் அவர். இங்கே பின்னணி இசை இல்லை. ஒரு பெட்டியின் கனமும் ஒரு கடிகாரமும் மட்டும்தான்.

இவர்களைப் படித்த பிறகு உளவுப் படம் பார்க்கும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளப் பழகினேன். உளவாளி பிடிபட்டால் எதை இழப்பார் என்பது எனக்குத் தெரிகிறதா? அவர் செய்கிற வேலையை, அதன் நுணுக்கத்தை, எனக்குக் காட்டுகிறார்களா, அல்லது வெறும் வெடிச் சத்தமா? முடிவில் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் படம் நினைவில் வைத்திருக்கிறதா? முதல் கேள்வியில் பதற்றம் இருக்கிறது. இரண்டாவதில் சுவாரசியம். மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தால்தான் மறுபடி பார்க்கத் தோன்றும்.

மேக்னா குல்ஸார் இயக்கிய இந்திப் படம் ‘ராஸி’ (2018) இந்த மூன்றுக்கும் நின்று பதில் சொல்கிறது. 1971 போருக்கு முன்னால், பாகிஸ்தான் ராணுவக் குடும்பம் ஒன்றுக்கு மருமகளாக அனுப்பப்படும் காஷ்மீரத்துப் பெண் ஸேமத். மருமகள் என்பதுதான் அவளுடைய வேடம். புது மருமகள் எந்த அறைக்குள்ளும் போகலாம், காப்பி கொண்டுபோகலாம், படித்த துணியை மடித்து வைக்கலாம். யாரும் அவளைச் சந்தேகிக்க மாட்டார்கள், ஏனென்றால் யாரும் அவளைக் கவனிக்கவே மாட்டார்கள். அந்த வீட்டு மனிதர்கள் அவளிடம் அன்பாக இருக்கிறார்கள் என்பதுதான் படத்தின் கொடுமை. நாட்டுக்காக என்று அப்பா அவளைக் கொடுக்கிறார். கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கொடுப்பதும் போருக்காகப் பெண்ணைக் கொடுப்பதும் ஒரே வினைச்சொல்லில் நடக்கின்றன. வேலை முடிந்து திரும்பும் ஸேமத்துக்கு வெற்றிக் களிப்பு இல்லை. அவள் உடைந்து போயிருக்கிறாள். படம் அதை மறைக்கவில்லை.

கடைசியாக ஏஜென்ட் டீனா. 2022 ‘விக்ரம்’ படத்தில் அந்த வீட்டில் பாத்திரம் கழுவி, குழந்தையைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கார அம்மாவை நாம் யாரும் கவனிப்பதில்லை. ஆட்கள் கொல்ல வரும் இரவில்தான் அவளும் ஓர் உளவாளி என்று தெரிகிறது. சேலையைச் செருகிக்கொண்டு, கைக்குக் கிடைத்ததை ஆயுதமாக்கி அவள் சண்டையிட்டபோது தியேட்டரே எழுந்து நின்றது. நடித்தவர் வசந்தி. தமிழ்ப் பாட்டுகளில் பல ஆண்டுகள் குழு நடனம் ஆடியவர், நடனக் குழுவில் வேலை செய்தவர். வருடக்கணக்கில் திரையில் இருந்தும் நாம் முகம் பார்க்காத பெண். அந்தக் காட்சியின் அடி நம் மேல்தான் விழுகிறது. இவ்வளவு நேரம் கண்ணெதிரே இருந்தாளே, ஏன் நீ பார்க்கவில்லை என்று படம் நம்மைக் கேட்கிறது.

அந்த வருடம் தீபாவளிக்கு வில்பட்டிக்குப் போயிருந்தேன். அட்டுவம்பட்டியைத் தாண்டும்போது மகளிர் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் பேருந்தில் ஏறினார்கள். 1984-ல் அன்னை தெரசா பெயரில் இந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது என் அம்மாவுக்கு அதன் பெயர் மட்டும்தான் தெரியும். உள்ளே யார் போகலாம் என்று தெரியாது. நான் இறங்கி வீட்டுக்குப் போனபோது அத்தை வாசலில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுகிறார்கள். ஆய்கிற கை இன்னும் அதே கைதான். அம்மா இப்போது இல்லை.

செல்போனில் டீனா வரும் காட்சியை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கொடைக்கானலில் ஒரு விடுதியில் இருபது வருடம் அறை துடைத்துப் படுக்கை விரித்தவள் அவள். எந்த அறையில் யார் யாரோடு தங்கினார்கள், எந்தத் தோட்டம் யாருக்குக் கைமாறப் போகிறது என்பதெல்லாம் பத்திரப் பதிவுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் பக்கெட்டோடு நிற்கும்போதே எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். அவள் யாரிடமும் எதையும் சொன்னதில்லை.

பூண்டுத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு முழுக் காட்சியையும் பார்த்தாள். டீனா விழுந்ததும், “அய்ய, செத்துட்டாளா?” என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ‘வைஜெயந்தி’ பார்த்துவிட்டு சல்யூட் வைத்தாளே, இப்போதும் ஏதாவது செய்வாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

“அந்த வீட்டு வேலையும் அவதானே பாத்தா?” என்று கேட்டாள்.

“ஆமா அத்தை.”

“அப்ப ரெண்டு வேல. ரெண்டு சம்பளம் குடுத்தாய்ங்களாமா?”

படத்தில் அதைப் பற்றி ஒன்றும் வரவில்லை என்றேன். அத்தை முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த பிடியை அவிழ்த்தாள்.